கட்டடத்தின் மின்கணக்கைக் கேட்டு வருபவரிடம் ஏன் கதவைச் சாத்துகிறோம்?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். கோடை விடுமுறையிலும் பெருநாள் விடுமுறையிலும் நம் குடும்பங்கள் பல வேன் பிடித்து ஏறும் மலை. சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அறை கேட்கும்போது நாம் அங்கே முதலில் விசாரிப்பது ஏசியை அல்ல, வெந்நீரைத்தான்.

இது சின்ன வித்தியாசம்தான். ஆனால் நாம் பேச வந்த விஷயம் இதில்தான் இருக்கிறது. நாமக்கல் ஊருக்குள் பத்து அறை கொண்ட ஒரு லாட்ஜில் மின்சாரத்தைத் தின்பது ஏசியும் மின்விசிறியும். அதே பத்து அறை மலையில் இருந்தால் தின்பது வாட்டர் ஹீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் கீழேயிருந்து வளைவுகள் ஏறி வர வேண்டும். ஹீட்டர் இல்லாத இடத்தில் வெந்நீருக்கு விறகு. சமையலுக்கு எரிவாயு சிலிண்டர். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டடம் உண்ணும் ஆற்றல். மின்வாரியத்திடம் இருப்பது யூனிட் கணக்கு மட்டுமே. கட்டடம் எத்தனை சதுர அடி, எத்தனை மாதம் நிரம்பியிருந்தது, எவ்வளவு டீசல், எத்தனை சிலிண்டர் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அரசு ஆய்வாளர்கள் மின்வாரியத்தில் விவரம் வாங்கிக்கொண்டு போகாமல் நம் வாசலுக்கு வருகிறார்கள். வாசலில் நடப்பது என்ன? “முதலாளி ஊரில் இல்லை”, “கமிட்டியைக் கேட்கணும்”, “நாளைக்கு வாங்க.” விடுதி மேலாளர் மட்டுமல்ல, ஷாதி மஹால் பொறுப்பாளர், பள்ளிக்கூடத் தாளாளர், வணிக வளாகம் வைத்திருப்பவர், பள்ளிவாசல் நிர்வாகி என்று எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். சொல்வதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அந்தக் காரணங்களை மரியாதையோடு எடுத்துப் பார்த்துவிட்டு, பதில் சொல்வது ஏன் நமக்கு நல்லது என்பதையும் பார்ப்போம்.

எதைப் பற்றிய ஆய்வு?

அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களின் ஆற்றல் நுகர்வுக்கென்றே தனியாக ஓர் அரசு ஆய்வு இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உருவான அந்நாட்டின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 1979இல் அதைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறது. நம் நாட்டில் கட்டடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படித் தவறாமல் நடக்கும் தேசிய ஆய்வு இன்னும் நிலைபெறவில்லை. ஆனால் அதே கேள்விகள் வேறு வழிகளில் நம்மிடம் வருகின்றன.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் பதிவுபெறா நிறுவனங்களின் ஆண்டு ஆய்வு அவற்றில் ஒன்று. கம்பெனியாகப் பதிவு செய்யாத கடை, விடுதி, பட்டறை, தனியார் பயிற்சி நிலையம், டிரஸ்ட், சொசைட்டி எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். 2023-24 ஆய்வின்படி நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் சுமார் 7.34 கோடி. வருமானம், வேலையாட்கள் எண்ணிக்கை ஆகியவற்றோடு மின்சாரம், எரிபொருளுக்கான செலவையும் கேட்பார்கள். குடும்பங்களிடம் நடக்கும் நுகர்வுச் செலவு ஆய்வும் இதைக் கேட்கிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதற்கட்டமான வீட்டுப் பட்டியல் பணியில் விளக்குக்கு எது, சமையலுக்கு எது என்ற கேள்விகள் இருக்கின்றன. கட்டடம் வீடா, கடையா, பள்ளியா, வழிபாட்டுத் தலமா என்பதையும் குறித்துக்கொள்வார்கள்.

பெரிய கட்டடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஏசி, பிரிட்ஜ் மீது ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரை நமக்குத் தெரியும். அதை வழங்கும் எரிசக்தி திறன் பணியகம் 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவானது என்பதே அளவுகோல். 2022இல் திருத்தப்பட்ட எரிசக்தி சேமிப்புச் சட்டம், 100 கிலோவாட் இணைப்புப் பளு அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களைக் கட்டட விதிகளுக்குள் கொண்டுவருகிறது. கொல்லிமலை லாட்ஜும் நம் தெருவின் மதரஸாவும் அந்த அளவுக்கு வெகு கீழே. சட்டம் அவற்றைத் தேடி வராது. ஆகவே, மாதிரி ஆய்வில் சொன்னால்தான் அவை இருப்பதே தெரியும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

நம் சமுதாயத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. கூடவே தேசிய மக்கள்தொகைப் பதிவேடு பற்றிய பேச்சும் எழுந்தது. அதற்குப் பிறகு கையில் தாளோடு யார் வந்தாலும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. “காகிதம் காட்டாதே” என்பது அன்றைய நிலையில் ஓர் அரசியல் நிலைப்பாடு. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம், குடியுரிமைக்கும் பதிவேட்டுக்கும் சம்பந்தமே இல்லாத புள்ளிவிவர ஊழியரின் மீதும் போய் விழுந்தது.

அடுத்தது 2022 நவம்பர். மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். 100 யூனிட் இலவசம் போய்விடுமோ, இரண்டு இணைப்பு வைத்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்களோ என்று வீட்டு உரிமையாளர்கள் தயங்கினார்கள். வாடகைக்கு இருப்பவர் தன் ஆதாரைக் கொடுத்தால் வீடே அவர் பேருக்கு மாறிவிடும் என்றுகூட வதந்தி கிளம்பியது. காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில்தான் முடிந்தது. 2025 ஜூனில் வக்ஃப் சொத்துகளைப் பதிவேற்றும் உமீத் தளம் ஆறு மாதக் கெடுவோடு வந்தது. முதவல்லிகள் பத்திரத்தையும் ரசீதுகளையும் சுமந்துகொண்டு அலைந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு இன்னொருவர் வந்து “கட்டடத்தைப் பற்றிச் சில கேள்விகள்” என்றால் முகம் சுளிக்கத்தான் செய்யும்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. மின் கட்டண வகை சம்பந்தப்பட்ட பயம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு வீதம், கடைக்கு ஒரு வீதம், கல்விக்கூடத்துக்கு ஒரு வீதம், வழிபாட்டுத் தலத்துக்குத் தனி வீதம். நடைமுறையில் இவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். வீட்டு இணைப்பில் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவார்கள். பள்ளிவாசல் மீட்டரில் இருந்து வாடகைக் கடைக்கு ஒரு வயர் போயிருக்கும். இது தெரிந்தால் மின்வாரியம் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவைக் காட்டி இரட்டிப்புக் கட்டணம் போடலாம். அது உண்மை. அப்படிக் கலந்திருந்தால் அதைச் சரிசெய்துகொள்வதுதான் முறை என்பதும் உண்மை. ஆனால் அந்த 126ஆவது பிரிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை ஆட்கள்

முதல் வகை, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவர். மின்வாரிய மதிப்பீட்டு அதிகாரி, வரித்துறை அதிகாரி போன்றோர். அவர் பார்ப்பது உங்கள் கட்டடத்தை, உங்கள் மீட்டரை. எழுதுவது உங்கள் பெயரில்.

இரண்டாம் வகை, பதிவேடு தயாரிப்பவர். ஆதார் இணைப்பு, வக்ஃப் பதிவு, குடும்ப அட்டை எல்லாம் இதில் அடங்கும். இங்கே பெயரும் எண்ணும்தான் முக்கியம். பெயர் இல்லாவிட்டால் பதிவேடே இல்லை. உமீத் தளத்தில் பதிவேற்றுவது சரியா தவறா என்ற விவாதம் இந்த வகையைச் சேர்ந்தது. அது வேறு பேச்சு.

மூன்றாம் வகை, புள்ளிவிவரம் சேகரிப்பவர். இவருக்கு உங்கள் பெயர் தேவைப்படுவது, திரும்ப வந்து சரிபார்க்க மட்டும். கணக்கில் போய்ச் சேரும்போது நீங்கள் “தமிழ்நாடு, ஊரகம், தங்கும் விடுதி” என்ற ஒரு வரி. பெயர் அழிந்துவிடும்.

இந்த மூவரும் ஒரே மாதிரி சட்டை போட்டு, ஒரே மாதிரி டேப்லெட்டோடு வருவதுதான் சிக்கல். அதனால் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீர்கள்?”

புள்ளிவிவரங்கள் சேகரிப்புச் சட்டம், 2008 என்று பதில் வந்தால் அதன் 9ஆவது பிரிவை நினைவில் கொள்ளலாம். கொடுக்கும் தகவலைப் புள்ளிவிவர நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்தப் பணியில் இல்லாதவர் படிவத்தைப் பார்க்கக் கூடாது. தகவல் கொடுத்தவரை அடையாளம் காண முடியாதபடிதான் எதையும் வெளியிட வேண்டும். கடமையை மீறி ரகசியத்தை வெளியிடும் ஊழியருக்குத் தண்டனை உண்டு. அதே சட்டத்தின் கீழ் பதில் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்ட ஆய்வில் மறுப்பவருக்கும் அபராதம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. கணக்கெடுப்பாளரின் பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. சிவில் வழக்கில் அதைச் சாட்சியமாகக் கொண்டுவரவும் முடியாது. குற்ற வழக்கிலும் அந்தச் சட்டத்தை மீறியதற்கான வழக்கைத் தவிர வேறு எதிலும் முடியாது.

அதாவது, “ஹீட்டர் நான்கு, ஜெனரேட்டர் ஒன்று, மாதம் இத்தனை லிட்டர் டீசல்” என்று லாட்ஜ் மேலாளர் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு போய் மின்வாரியத்திடம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. நம் மொழியில் சொன்னால் அந்தத் தகவல் ஓர் அமானிதம். சட்டம் எழுதிவைத்திருப்பதால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று நாம் நம்பச் சொல்லவில்லை. ரகசியம் காக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை பதில் சொன்னவருக்குத்தான் வலுவாக இருக்கிறது. கதவைச் சாத்தியவருக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை.

“மலையில் நாலு விடுதிதான். பெயர் போடாவிட்டாலும் எது எந்த விடுதி என்று தெரிந்துவிடாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் பெரும்பாலும் மாநில அளவில், தொழில் வாரியாகத்தான் வெளிவருகின்றன. செம்மேட்டுக்கென்று ஓர் அட்டவணை வருவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குத் தனித்தனித் தரவைக் கொடுக்கும்போதும் பெயரும் முகவரியும் நீக்கப்படுகின்றன.

நம் பதில்களால் என்ன ஆனது?

ரகசிய ஆய்வில் பதில் சொல்வதால் சமுதாயத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006 நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு அறிக்கை கொடுத்தது. முஸ்லிம்களின் கல்வி, வேலை, கடன் வசதி, வாழும் ஊர்களின் அடிப்படை வசதி எல்லாவற்றையும் எண்களோடு நாட்டின் முன் வைத்தது. இன்றுவரை மேடைகளில் நாம் அதைத்தான் காட்டுகிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தேசிய மாதிரி ஆய்வின் 2004-05 சுற்றிலும் இருந்து. யாரோ ஒரு வீட்டில், கையில் படிவத்தோடு வந்த ஊழியரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. அவர்கள் அன்று கதவைச் சாத்தியிருந்தால் சச்சார் குழுவுக்கு எழுத எண் இருந்திருக்காது.

ஆற்றல் விஷயத்திலும் கணக்கு இதேதான். 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் நாடு முழுவதும் சுமார் 30 லட்சம் வழிபாட்டுத் தலங்கள் இருந்தன. பள்ளி, கல்லூரிகள் சுமார் 21 லட்சம். இத்தனை லட்சம் கட்டடங்கள் எப்படி மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு நம்மிடம் அளவுகோல் உண்டா?

ஒரு பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். பெரிய கூடம். ஐந்து வேளையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் இருக்கும் நேரம் குறைவு. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் நிரம்பி வழியும். ரமளானில் இரவெல்லாம் விளக்கு எரியும். தராவீஹ் முடிந்து மூச்சு விடுவதற்குள் சஹர் நேரம் வந்துவிடும். அலுவலகத்துக்கு வகுத்த சதுர மீட்டர் அளவுகோலை இதற்கு வைத்தால், பதினொரு மாதம் மகா சிக்கனம் போலவும் ஒரு மாதம் வீண்செலவு போலவும் தெரியும். இரண்டுமே தவறு. பள்ளிவாசலைப் பள்ளிவாசலோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குப் பல பள்ளிவாசல்களின் கணக்கு வேண்டும்.

அப்படிக் கணக்கு இருந்தால் என்ன பயன் என்பதற்குச் சிறிய உதாரணம். 40 மின்விசிறிகள் உள்ள கூடம். பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 18 யூனிட். 30 வாட் அளவில் ஓடும் புதிய பிஎல்டிசி விசிறிகளைப் போட்டால் 7.2 யூனிட். மாதத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் கட்டாயமாகிவிட்டது, பார்த்து வாங்கலாம். ஆனால் எந்த ஊரில் எத்தனை பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் இன்னும் பழைய விசிறியில் ஓடுகின்றன என்று தெரிந்தால்தான் அரசு ஒரு மானியத் திட்டத்தை யோசிக்கவே முடியும். தெரியாத இடத்துக்குத் திட்டம் வராது.

அமெரிக்க ஆய்வில் வழிபாட்டுத் தலம் ஒரு தனி வகை. அங்கே கட்டடத்தின் பொறுப்பாளர் பதில் சொல்வது கட்டாயமல்ல, விருப்பம். அடையாளத்தைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. 2018 சுற்றில் சுமார் 6,400 கட்டடங்கள் பதில் கொடுத்தன. அவற்றை வைத்து நாட்டின் 59 லட்சம் வணிகக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். சராசரியாக ஒரு பதில் 900க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்காகப் பேசுகிறது! அந்தக் கணக்கைக் கொண்டு அந்நாட்டு எனர்ஜி ஸ்டார் திட்டம், ஒரு கட்டடம் தன் இனத்தைச் சேர்ந்த மற்றக் கட்டடங்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் கொடுக்கிறது. வழிபாட்டுத் தலங்களுக்கும் மதிப்பெண் உண்டு.

அந்த ஆய்வே ஒருமுறை தோற்றது. 2007 சுற்றில் செலவைக் குறைக்கப் புதிய முறையில் மாதிரி எடுத்தார்கள். வந்த எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று 2011இல் அரசே அறிவித்துவிட்டது. விளைவு, 2003 கணக்குக்கு அடுத்தது 2012 கணக்குதான். எனர்ஜி ஸ்டார் தன் அளவுகோலைப் புதுப்பிக்க 2018 ஆனது. பதினைந்து ஆண்டுகள் பழைய அளவை வைத்துக்கொண்டு புதிய கட்டடங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். அங்கே தவறு மாதிரி எடுத்ததில். பதில் சொல்ல மறுப்பதாலும் ஒரு மாதிரி அதேபோல் கெட்டுப்போகும்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே 2013 முதல் கட்டட உரிமையாளர்கள் ஆண்டுதோறும் ஆற்றல் விவரத்தைக் கட்டட ஆணையத்திடம் கொடுத்தாக வேண்டும், விருப்பத்துக்கு இடமில்லை. விருப்பத்தின் பேரில் கேட்கும்போது யாரும் சொல்லாவிட்டால் அரசுகள் கடைசியில் அந்தப் பக்கம்தான் போகும் என்பது நம் கணிப்பு.

மலை எப்படிக் காணாமல் போகிறது?

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். மாதிரி ஆய்வில் எல்லாக் கட்டடத்துக்கும் போவதில்லை. குலுக்கல் போல, யாருக்கும் சார்பில்லாமல் சில இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, மாவட்டத்தில் பத்து விடுதிகள் தேர்வாகி அதில் இரண்டு மலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மேலாளர்களும் “முதலாளி கீழே இருக்கார், அவரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டார்கள். ஊழியர் இரண்டு மூன்று முறை எழுபது வளைவு ஏறி இறங்கிப் பார்ப்பார். பிறகு? அந்த இரண்டு இடமும் காலியாக விடப்படும், அல்லது வேறு இடம் அவற்றுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும். அந்த வேறு இடம் நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜாக இருந்தால் கணக்கில் மலை இல்லாமல் போய்விடும். தமிழ்நாட்டு விடுதி என்றால் ஏசியும் விசிறியும்தான் என்று அறிக்கை சொல்லும். வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கருவி கொடுக்கும் திட்டம் தேவை என்று யாருக்கும் தோன்றாது.

கட்டட விதிகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது. இந்தியாவை வெப்பமும் வறட்சியும், வெப்பமும் ஈரமும், கலவை, மிதம், குளிர் என ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெப்பமும் ஈரமும் உள்ள மண்டலம். சமவெளியின் நடுவே திடீரென எழுந்து நிற்கும் மலை இத்தகைய பெரிய வரைபடங்களில் எளிதில் கரைந்துவிடும்.

மறுப்பவர்கள் எல்லா வகையிலும் சமமாக இருந்தால்கூடப் பாதகமில்லை. அப்படி இருப்பதில்லை. பெரிய ஓட்டலில் கணக்காளர் இருக்கிறார், பைலை எடுத்துக் கொடுத்துவிடுவார். சிறிய விடுதி, கிராமத்து மதரஸா, சுயஉதவிக் குழு நடத்தும் அரவை மில் ஆகியவைதான் தயங்கும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை போன்ற சிறுதானியங்களைக் காப்பாற்ற நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. உரலில் போட்டு இடித்து உமி நீக்கும் பாடு பெண்களைச் சிறுதானியத்தை விட்டே ஓட வைத்தது. உமி நீக்கும் எந்திரங்கள் குழுக்களிடம் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. அந்த எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். மில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, மின்தடையால் எத்தனை நாள் நிற்கிறது என்பது ஓர் ஆய்வில் பதிவானால், அது அந்த மலைக்குச் சீரான மின்சாரம் கேட்பதற்கு ஆதாரம். பதிவாகாவிட்டால் அது திண்ணைப் பேச்சோடு போகும்.

குறைத்துச் சொல்வதும் ஒரு வகை மறுப்புதான். வரிக்குப் பயந்து பாதி செலவைச் சொன்னால், சிறிய விடுதிகளுக்கு இவ்வளவு மின்சாரமே தேவையில்லை என்று அறிக்கையில் ஏறிவிடும்.

வந்தால் என்ன செய்யலாம்?

மேலாளருக்குத் தயக்கம் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதிகாரம் இல்லாததுதான் என்பது நம் அனுபவம். சொன்னால் முதலாளி திட்டுவாரோ, கமிட்டியில் கேள்வி வருமோ என்று பயப்படுகிறார். அதனால் இது உரிமையாளரும் ஜமாஅத் நிர்வாகமும் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டிய வேலை. “அடையாள அட்டையோடு வரும் புள்ளியியல் ஊழியருக்கு மின்சாரம், எரிபொருள், கட்டட அளவு பற்றிய விவரங்களைக் கொடுக்கலாம்” என்று ஒரு வரித் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டால் போதும். யார் பதில் சொல்வது என்று ஒருவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

வருபவரைச் சோதிக்கவும் வேண்டும். போலிகள் உலவும் காலம் இது. அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்த அலுவலகம், எந்த ஆய்வு, எந்தச் சட்டம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள புள்ளியியல் துணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு “நாளை வாருங்கள்” என்று சொல்வதில் தவறில்லை. ஓடிபி, வங்கிக் கணக்கு ரகசிய எண், கட்டணம் என்று எதைக் கேட்டாலும் அவர் புள்ளியியல் ஊழியர் அல்ல. சமையல் எரிவாயுவுக்கும் உங்கள் குடியுரிமைக்கும் முடிச்சுப் போட்டுக் கேள்வி கேட்டால் “அது இந்த ஆய்வில் இருக்கிறதா, படிவத்தைக் காட்டுங்கள்” என்று தயங்காமல் சொல்லலாம்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஓராண்டின் ஆறு மின் ரசீதுகள் (இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறதல்லவா), கட்டடத்தின் சதுர அடி, கட்டிய ஆண்டு, டீசல் வாங்கிய பில், சிலிண்டர் எண்ணிக்கை, சோலார் இருந்தால் அதன் அளவு. விறகு வாங்கினால் அதையும் சொல்லுங்கள், அது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. விடுதியானால் எந்த மாதங்கள் நிரம்பும் என்ற கணக்கு, பள்ளிவாசலானால் ரமளான் மாத ரசீது தனியாக. கொல்லிமலையில் ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும். அந்த மாதத்துச் செலவை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் மாதவாரியாகக் கேட்கிறார்கள். ரசீது தொலைந்திருந்தால் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு மின்வாரிய இணையதளத்தில் பழைய கணக்கை எடுத்துவிடலாம். அந்த எண் மீட்டர் பெட்டியின் மீதோ பழைய வெள்ளை அட்டையிலோ எழுதியிருக்கும்.